லயத்து வாசலில் வியாழன்: சின்ன டெலஸ்கோப்பும் பழைய வெப்கமராவும்

டெலஸ்கோப்பின் கண்வில்லையில் போனை வைத்து வியாழன் கிரகத்தைப் படம் பிடித்தால் பெரும்பாலும் வெள்ளைப் பொட்டுதான் விழும். மூலையில் கிடக்கும் பழைய வெப்கமரா இருந்தால் கிரகத்தின் மேகப் பட்டைகளையே பிடித்துவிடலாம். என்னிடம் இருப்பது 114 மி.மீ. ஆடியும் 900 மி.மீ. குவியத்தூரமும் உள்ள சாதாரணத் தெறிப்புத் தொலைகாட்டி. வானத்தோடு சேர்த்துத் திருப்பும் மோட்டார் கிடையாது.

முதலில் கமராவின் முன்வில்லையைக் கழற்றுங்கள். பழைய கமராக்கள் பலவற்றில் அது மூடி போலத் திருகி வரும். வராவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். அப்படித் திருகி வயரையே பிய்த்தவன் நான். உள்ளே நகத்தைவிடச் சின்னதாக, படத்தைப் பதியும் சில்லு மினுங்கும். அதைத் தொடவும் கூடாது, வாயால் ஊதவும் கூடாது, எச்சில் தெறிக்கும். கண்வில்லை நுழையும் குழாய் 1.25 அங்குலம். பிலிம் ரோல் வந்த கறுப்பு டப்பாவும் ஏறக்குறைய அதே அளவு. பழைய ஸ்டூடியோக்களில் கேட்டுப் பாருங்கள். அடியை வெட்டி, சில்லு நடுவில் வரும்படி கமராவோடு ஒட்டுங்கள், கண்வில்லைக்குப் பதில் இதுதான் குழாய்க்குள் போகும். தளர்வாக இருந்தால் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று.

அடுத்து இரவைத் தேர்ந்தெடுப்பது. மலையில் இருக்கிற நாங்கள் ஏமாறுவது இங்கேதான். மழை கழுவிவிட்டுப் போன இரவில் வானம் பளிச்சென்று இருக்கும், நட்சத்திரங்கள் துடிதுடிக்கும், டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அந்தத் துடிப்பே மேலே காற்று கலங்கிக் கிடக்கிறது என்பதற்கு அடையாளம். கிரகம் ஓடைக்கு அடியில் கிடக்கும் கல்லைப் போல நெளியும். காற்று அசையாமல், மெல்லிய மூட்டம் படர்ந்து, நட்சத்திரங்கள் மங்கலாக ஆனால் ஆடாமல் நிற்கிற இரவுதான் நமக்கு வேண்டும். வியாழனுக்கு வெளிச்சம் தாராளம், கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை.

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) தகரக் கூரைக்கு மேலாகவோ, ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையின் புகைபோக்கிப் பக்கமாகவோ குறிவைக்காதீர்கள். சீமெந்து வாசலும் பகல் சூட்டைக் கக்கும், புல்லில் வைப்பதே நல்லது. அட்டை ஏறும்தான், காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள். டெலஸ்கோப்பை முக்கால் மணிநேரம் முன்பே வெளியே வைத்தால் ஆடி குளிர்ந்துவிடும். இலங்கையில் நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையில் என்பதால் கிரகங்கள் தலைக்குமேல் வரை ஏறுகின்றன. அப்போது பிடித்தால் குறைந்த காற்றுதான் குறுக்கே நிற்கும்.

டெலஸ்கோப்பின் மேலிருக்கும், குறிபார்க்க உதவும் சின்னத் தேடுகாட்டியைச் சரிசெய்யத் தூரத்தில் ஒரு விளக்கு வேண்டும். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை, மஸ்கெலியாப் பக்கத்தாருக்குச் சிவனொளிபாத மலை உச்சி விளக்கே போதும். கண்வில்லையில் அதை நடுவுக்குக் கொண்டுவந்து, தேடுகாட்டியையும் அதே விளக்கில் பொருத்துங்கள். அப்புறம் கமராவை, படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கும் பார்லோ வில்லையோடு மாட்டி ஃபோகஸ் செய்து, குழாய் நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். பகலில் பழகுகிறவர்கள் சூரியன் பக்கம் மட்டும் திருப்பக் கூடாது, கண் போய்விடும்.

இனி வீடியோ. அதே பார்லோ வில்லையோடு, லெப்டொப்பில் ஷார்ப்கேப் போன்ற மென்பொருளைத் திறந்து 640×480, நொடிக்கு 30 படம் என்று வையுங்கள். தானியங்கி எக்ஸ்போஷரை நிறுத்துவது முக்கியம், இல்லாவிட்டால் வியாழன் வெள்ளை உருண்டையாகிவிடும். கிரகத்தின் வட்டு சாம்பல் நிறத்துக்கு வரும்வரை எக்ஸ்போஷரைக் குறையுங்கள். நிலவுகள் மறைந்தால் மறையட்டும்.

மோட்டார் இல்லாததால் கிரகம் ஓடிக்கொண்டே இருக்கும். என் கமராவில் திரையின் நீளப் பக்கத்தைக் கடக்க ஏறக்குறைய 27 நொடி. முன்கூட்டியே ஓரத்தில் நிறுத்தி, கையை எடுத்துவிட்டுப் பதியுங்கள். ஐந்து தடவை செய்தால் ஏறத்தாழ 4,000 படங்கள். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும்: வியாழன் பத்து மணிநேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடும், தாமதித்தால் பட்டையின் விவரங்கள் இழுபடும்.

மிச்சம் வீட்டுக்குள். பிப் என்ற மென்பொருள் கிரகத்தை ஒவ்வொரு படத்திலும் நடுவுக்குக் கொண்டுவந்து வீடியோக்களைச் சேர்க்கும். ஆட்டோஸ்டாக்கர்ட் படங்களைத் தரம் பிரித்து, நல்லவற்றை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கும். நான் கால்வாசிக்கு மேல் எடுப்பதில்லை. கடைசியாக ரெஜிஸ்டாக்ஸில், படத்தைக் கூர்மையாக்கும் வேவ்லெட் அளவை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஓரத்தில் வெங்காயத் தோல் போல வளையம் விழுந்தால் கூடிப்போயிற்று, இறக்குங்கள். இந்த மூன்றும் இலவசம்.

வில்லையோடு அகச்சிவப்பு வடிகட்டியும் போயிருக்கும் என்பதால் படம் செம்மையடித்திருக்கும். சரிப்படாவிட்டால் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள். வட்டு 70 புள்ளி அகலம்தான் வரும், இழுத்துப் பெரிதாக்கவும் வேண்டாம். வடதுருவம் கீழே இருந்தால் 180 பாகை திருப்பிச் சேமியுங்கள்.