மூட்டு, நரம்பு, நுரையீரல்: பிசியோதெரபியில் எங்கே சறுக்குகிறோம்?

பிசியோதெரபி என்றாலே நம்மில் பலருக்கு 'கரண்ட் வைக்கிறது'தான். பத்து நாள் போய்ப் படுத்தால் பேட் ஒட்டி மெஷினைப் போட்டுவிடுவார்கள், வலி போய்விடும் என்று ஒரு கணக்கு. மெஷினைக் குறை சொல்லவில்லை, ஐ.எஃப்.டி., டென்ஸ் என்கிற கரண்ட் மெஷின்கள் எல்லாம் வலியைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்தும். அந்தக் கொஞ்ச நேரத்தில் செய்கிற பயிற்சிதான் வைத்தியமே, ஆனால் அந்த இடம் வரும்போது "அதை வீட்டுல பண்ணிக்கிறேன்" என்று நழுவிவிடுகிறார்கள். (பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், யாரும் கேட்காவிட்டாலும், மெஷின் பக்கம் போகும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.)

அதைவிடப் பெரிய வம்பு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு எது கேட்டதோ அதை அப்படியே தூக்கிக்கொண்டு வருவது. வெந்நீர் ஒத்தடம், ஓய்வு, இடுப்பு பெல்ட், காலை நீட்டி இழுக்கிற பயிற்சி, எதையுமே பொதுவாக நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது. தொந்தரவு மூட்டிலா, நரம்பிலா, நுரையீரலிலா என்று பார்க்காமல் செய்தால் சிரமம்தான்.

முழங்காலையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ்ரேயைப் பார்த்து 'தேய்மானம்' என்று சொன்ன அன்றே நடையை நிறுத்திவிடுகிறார்கள், நடந்தால் இன்னும் தேயுமாம். மூட்டில் இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது. மூட்டு அழுந்தி விடும்போது உள்ளிருக்கும் திரவம் போய் வருவதில்தான் அதற்குச் சத்து கிடைக்கிறது, அதனால் உட்கார்ந்தே இருந்தால் அதுவும் கிடைக்காது, கூடவே தொடைத் தசையும் சில வாரங்களிலேயே சுருங்கிப்போகும், அப்புறம் பாரம் முழுக்க மூட்டின் மேல்தான். எக்ஸ்ரே எவ்வளவு மோசமோ வலியும் அவ்வளவு என்றும் இல்லை. படத்தில் பயங்கரமாக இருக்கிற காலோடு மாடி ஏறி இறங்குபவர்கள் நிறையப் பேர். எடை கூடியிருந்தால் அதைக் குறைப்பதும் சிகிச்சைதான். உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலில் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது.

முதலில் சொல்லித்தருவது பெரும்பாலும் துண்டுப் பயிற்சி. காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 எண்ணி விடுவது. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், இதிலும் பாதிப் பேர் இடுப்பைத் தூக்கி உடம்பு எடையால் அழுத்துகிறார்கள், மூச்சையும் பிடித்துக்கொள்கிறார்கள். தொடையின் முன்பக்கம் கையை வைத்துப் பாருங்கள், அழுத்தும்போது தசை இறுகுவது கைக்குத் தெரிய வேண்டும், முட்டிச் சில்லு லேசாக மேலே நகர வேண்டும். நகரவில்லையென்றால் துண்டுதான் நசுங்குகிறது. அப்புறம் ஆறு மாதமானாலும் இதே துண்டோடு நிற்பதிலும் பயனில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, படி ஏறுவது என்று கனம் கூட வேண்டும். செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாளும் அந்த வலி அடங்கவில்லையென்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஒரேயடியாக நிறுத்தாதீர்கள்.

மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தவர்கள் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பார்கள், சுகமாகத்தான் இருக்கும். அப்படியே பழகினால் கால் முழுசாக நீளாமல் மடங்கியே நின்றுவிடும். தலையணை குதிகாலுக்கு அடியில் இருக்க வேண்டும்.

எல்லா மூட்டு வலியும் தேய்மானமும் கிடையாது. காலையில் எழுந்ததும் இருக்கிற விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிட்டால் அது தேய்மானத்தின் போக்கு. ஒரு மணி நேரமாகியும் விடாமல், இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கி, சட்டைப் பட்டன் போடவே சிரமமாக இருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு முதலில் வாத நோய் டாக்டர், சீக்கிரமே மாத்திரை, பிசியோ எல்லாம் அதோடு சேர்த்துத்தான். தொட்டால் சுடுகிற, வீங்கின மூட்டில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், எடை தூக்குவதும் வேண்டாம்.

தோள்பட்டை இறுக்கம் சர்க்கரைக்காரர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வரும். தலை பின்ன முடியாது, பின்பாக்கெட்டில் கை போகாது. இங்கே நடக்கிற கொடுமை என்னவென்றால், ராத்திரி தூங்கவிடாமல் வலிக்கிற முதல் கட்டத்திலேயே வீட்டில் யாராவது கையைப் பிடித்து 'இழுத்தால்தான் விடும்' என்று இழுப்பது. அந்தக் கட்டத்தில் வலியைத் தூண்டாத அளவுக்கு மெதுவான அசைவு போதும், நன்றாக இழுத்து நீட்டுவதெல்லாம் வலி தணிந்து இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகுதான். சிலருக்கு முழுசாக விட ஒன்று முதல் மூன்று வருஷம்கூட ஆகும்.

நரம்புக்கு வந்தால் கணக்கே வேறு. இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கிற வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, 'டிஸ்க் பல்ஜ்' (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற வட்டு பிதுங்கியிருப்பது) என்று பார்த்ததும் ஆடிப்போகிறார்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்ததில், 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் பல்ஜ் இருந்தது. ஆகவே ரிப்போர்ட்டை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தானாகவே குறைய ஆரம்பிக்கும், வாரக்கணக்கில் படுத்தே கிடப்பது அதைத் தள்ளித்தான் போடும்.

ஒரு விஷயம் மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள். கெண்டைக்கால் வரை ஓடிய வலி மேலேறி இடுப்போடு நின்றுவிட்டால், இடுப்பில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும் அது நல்ல அறிகுறி. எந்தப் பயிற்சி செய்தால் வலி பாதம் நோக்கி இறங்குகிறதோ அதை விட்டுவிடுங்கள். தொடையின் பின்பக்கம் 'டைட்டாக இருக்கிறது' என்று காலைத் தூக்கிப் பிடித்து இழுப்பது இதில்தான் வரும். அங்கே இழுபடுவது பல நேரம் ஏற்கெனவே எரிச்சலில் இருக்கிற நரம்பு. சிறுநீர் போக முடியாமல் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் பலம் இழந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. அங்கே பயிற்சிக்கு வேலையில்லை.

சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் வெந்நீரில் கால் வைப்பதை நிறுத்துங்கள். சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வீட்டுக்குள்ளேயும் எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் வைத்தது) போடுங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணினால் 'காத்து பட்டிருக்கு' என்று பலூன் ஊதச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படிக் கோணும்போது கை கால் பலமிழப்பதோ பேச்சுக் குழறுவதோ சேர்ந்திருந்தால், அல்லது நெற்றியைச் சுருக்க முடிந்து வாய் மட்டும் கோணினால், பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். எது என்று வீட்டில் உட்கார்ந்து ஆராயாமல் உடனே கிளம்புங்கள். வெறும் முகவாதம் (முக நரம்பு மட்டும் செயலிழப்பது) என்று டாக்டர் சொன்னாலும் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது மூடி ஒட்டுவது, இதையெல்லாம் மறக்கக்கூடாது. பயிற்சி கண்ணாடி முன்னால் மெதுவாக, சின்ன அசைவுகளாக இருக்கட்டும். பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது பலமில்லாத கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் மூட்டு இறங்கிவிடும்.

நுரையீரலில் நான் அதிகம் பார்ப்பது மூன்று பந்து ஸ்பைரோமீட்டர் (மூச்சுப் பயிற்சிக் கருவி) கூத்துதான். ஆபரேஷன் முடிந்து கையில் கொடுத்ததும் எல்லாரும் ஊதுகிறார்கள், பந்து அசையாததால் இன்னும் பலமாக ஊதுகிறார்கள். அது உறிஞ்ச வேண்டிய கருவி. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை வெளியே விட்டுவிட்டு, உதட்டால் குழாயை இறுக்கிப் பிடித்து மெதுவாக உள்ளிழுக்க வேண்டும். பந்தின் மேல் 600, 900, 1200 என்று போட்டிருப்பது இழுக்கிற வேகம், அதாவது நொடிக்கு எத்தனை மில்லி காற்று என்பது. வெடுக்கென்று இழுத்து மூன்றையும் தூக்கிக் காட்டுவதைவிட, ஒரு பந்தைச் சில நொடி மேலேயே நிறுத்துவது நுரையீரலின் அடிப்பகுதியை நன்றாக விரிக்கும்.

பீடி, சிகரெட்டாலோ வருஷக்கணக்கில் விறகடுப்புப் புகையாலோ வந்த சி.ஓ.பி.டி.யில் (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) பிரச்சினை வேறு. அங்கே காற்று உள்ளே மாட்டிக்கொள்கிறது. 'நல்லா மூச்சை இழு' என்று சொன்னால் இன்னும் திணறும். மூக்கால் அளவாக இழுத்து, சூடான காபியை ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் விட வேண்டும். படி ஏறும்போது, விடுகிற மூச்சில் அடி வையுங்கள். மூச்சு வாங்குகிறதே என்று நடையை நிறுத்துவதும் முழங்கால்காரர் செய்யும் அதே தவறுதான், கால் தசை பலமிழந்தால் அதே தூரத்துக்கு இன்னும் அதிகமாக வாங்கும். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் பல்ஸ் ஆக்சிமீட்டரில் 99 வர வேண்டும் என்று திருகிக் கூட்டாதீர்கள், இவர்களில் பலருக்கு டாக்டர்கள் வைக்கிற இலக்கு 88 முதல் 92 வரைதான்.

கிளினிக் தூரம், ஆட்டோ செலவு என்று பாதியில் விடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் உண்டு. படுக்கையில் இருப்பவர்களுக்காக, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயர் கொடுங்கள். அவர்கள் வரும்போது பழைய ரிப்போர்ட்டையும் சாப்பிடுகிற மாத்திரைகளையும் எடுத்து வையுங்கள், பயிற்சியை அவர்கள் முன்னாலேயே ஒரு தடவை நீங்களே செய்து காட்டுங்கள்.