டை நிறையுமா? ஃபோர்ஜிங் சிமுலேஷனுக்கு முன் பட்டறையில் எடுக்க வேண்டிய அளவுகள்

சுட்ட இரும்பை டை எனும் அச்சுக்குள் அடித்து உருவாக்குவது ஃபோர்ஜிங். அதைக் கணினியில் முன்கூட்டி ஓட்டிப் பார்த்தால் (சிமுலேஷன்) திரையில் டையின் மூலைமுடுக்கெல்லாம் இரும்பு போய் நிற்கும். பிரஸ்ஸில் அடித்தால் ஒரு மூலை மொட்டையாக வரும். பழி சாஃப்ட்வேர் மேல் விழும். பெரும்பாலும் கோளாறு அதில் இல்லை, நாம் அதற்குக் கொடுத்த வெப்பநிலையிலும் உராய்விலும்தான்.

முதலில் வெப்பம். பர்னஸ் மீட்டர் 1200 °C காட்டினால் அதையே எழுதிவிடக் கூடாது. மேல் டை பில்லெட்டை (அடிக்கப்போகும் இரும்புத் துண்டை) தொடும் கணத்தில் என்ன சூடு என்பதுதான் வேண்டும். 50 மி.மீ. உருண்டைக் கம்பி அந்தச் சூட்டில் வெளியே வந்தால் கதிர்வீச்சில் மட்டும் நொடிக்குச் சராசரியாக 3 முதல் 4 டிகிரி இழக்கும். 25 மி.மீ. கம்பியானால் இதில் இரண்டு பங்கு. ஓரங்கள் இன்னும் வேகமாக ஆறும். எடுப்பதிலிருந்து அடி விழும்வரை செல்போனில் படம் பிடித்து நொடிகளை எண்ணுங்கள். தொடாமல் சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கன்னில் எமிசிவிட்டி (பரப்பு வெப்பத்தைக் கதிராக விடும் திறன்) 0.8 அளவில் இருக்கட்டும். பரப்பிலிருந்து பிரிந்து தூக்கி நிற்கும் கறுத்த செதில்மேல் (ஆக்சைடு படலம்) கன்னைக் குறிவைக்காதீர்கள். அது உள்ளே இருக்கும் இரும்பைவிட ஆறிப்போயிருக்கும். செதிலைத் தட்டிவிட்டு உடனே அளவெடுங்கள்.

டை 150 முதல் 250 °C வரை இருக்க வேண்டும். கஞ்சிக்கோடு, வாளையாறு பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஷெட்டுக்குள் புகுந்து வரும். பில்லெட்டை அது பெரிதாகக் கெடுக்காது. ஆனால் டீ இடைவேளையில் சும்மா கிடக்கும் டையைக் குளிரவைத்துவிடும். அதற்குப்பின் வரும் முதல் சில உருப்படிகளை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். காற்று வரும் பக்கம் ஒரு தகரத் தடுப்பு வைத்தாலே நல்ல பலன் தெரியும்.

அடியிலும் சூடு பிறக்கும். திரிபு (வடிவம் மாறும் அளவு) 1, இரும்பின் எதிர்ப்பு 100 மெகாபாஸ்கல் என்றால் ஏறக்குறைய 18 டிகிரி ஏறும். சாஃப்ட்வேரில் இந்தச் சூட்டைச் சேர்க்கும் வசதியை அணைத்துவைத்தால் கணக்கு பிசகும்.

உராய்வை ஊகத்தில் போடவே கூடாது. மோதிரச் சோதனை செய்யுங்கள். வேலைக்கு எடுக்கும் அதே ஸ்டீலில் வெளிவிட்டம் 60, உள்விட்டம் 30, உயரம் 20 மி.மீ. கடைந்தெடுங்கள், 6:3:2 என்ற விகிதம்தான் முக்கியம். அதே சூடு, அதே பிரஸ், தட்டையான டை, வழக்கமான கிராஃபைட் மசகுக் கலவை, வழக்கமான ஸ்ப்ரே. உயரத்தில் 25, 40, 50 சதவீதம் குறைய, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மோதிரம். ஆறியபின் உள்விட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்து சராசரி எடுங்கள், துளை நீள்வட்டமாகியிருக்கும்.

உராய்வு குறைவானால் இரும்பு முழுக்க வெளிப்பக்கம் ஓடும், துளை பெரிதாகும். உராய்வு கூடினால் உட்பகுதி மையம் நோக்கித் திரும்பும், துளை சுருங்கும். இதே மோதிரத்தை சாஃப்ட்வேரில் உராய்வுக் காரணி (0 என்றால் உராய்வே இல்லை, 1 என்றால் முழு ஒட்டு) 0.1 முதல் 0.8 வரை மாற்றி மாற்றி ஓட்டி, உயரக் குறைவுக்கு எதிரே துளை மாற்றத்தைக் கோடுகளாக வரைந்து, எந்தக் கோட்டோடு உங்கள் அளவுகள் பொருந்துகின்றன என்று பாருங்கள். குளிர்தலையும் சேர்த்தே ஓட்டுங்கள். மெல்லிய மோதிரம் சீக்கிரம் ஆறும், ஆறிய முகம் உராய்வு கூடியதுபோல ஏமாற்றும். நல்ல கிராஃபைட் பூச்சில் 0.3-ஐ ஒட்டி வரும், வெறும் டையில் 0.7-க்கு மேல் போகும். 0.3 வர வேண்டிய இடத்தில் 0.5 வந்தால் முதலில் டைச் சூட்டைப் பாருங்கள். மிகச் சூடான டையில் ஸ்ப்ரே துளிகள் ஒட்டாமல் துள்ளி ஓடும். குளிர்ந்த டையில் தண்ணீர் காயாமல் குழியில் தங்கி, ஆவியாகி, இரும்பை மூலைக்குப் போகவிடாது. இதை எந்தத் திரையும் தானாகச் சொல்லாது.

டைக்கு வெப்பம் கடத்தும் எண்: பில்லெட் சும்மா கிடக்கும்போது 1 முதல் 2, அழுத்தம் ஏறியதும் 10 கிலோவாட்/(மீ²·கெல்வின்) என்று தொடங்கலாம்.

ஓட்டத்தை முன்கூட்டிப் பார்க்கச் செலவில்லாத வழி, இரண்டு நிறப் பிளாஸ்டிசினை அடுக்கடுக்காக ஒட்டி, டால்கம் பவுடர் தூவிய மர டையில் அழுத்தி, நடுவில் அறுப்பது. எதிரெதிரே வரும் அடுக்குகள் மோதுமிடம்தான் மடிப்பு (இரும்பு மடிந்து ஒட்டாமல் நிற்கும் குறை) விழும் இடம். குளிர்தலை மட்டும் இது காட்டாது.

கடைசியாக, உண்மையான உருப்படியை நெடுக்காக அறுத்து, வழவழப்பாகத் தேய்த்து, சம அளவு தண்ணீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி (அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது), 70 முதல் 80 °C-இல் கால் மணி முதல் அரை மணி நேரம் வையுங்கள். கண்ணாடி, கையுறை, காற்றோட்டம் கட்டாயம். வெளிவடிவம் திரையோடு ஒத்து, நார்க்கோடுகள் (அமிலம் காட்டும் இரும்பு ஓடிய தடங்கள்) மட்டும் ஒத்துவராவிட்டால் உராய்வை மறுபடி பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஃபிளாஷ் (டைகளுக்கு நடுவே பிதுங்கும் மிகை இரும்பு) அகலமாக வந்தால் எண்களைத் தொடாதீர்கள். பில்லெட்டை நடுவில் வைக்கவில்லை, அல்லது டை நகர்ந்திருக்கிறது.