எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்குப் பொம்மலாட்டமும் கூத்தும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு, பயமுறுத்துவது. எலும்பும் தோலுமாக ஒரு பொம்மை தள்ளாடி வரும், பின்னால் எமன் பாசக்கயிறோடு நிற்பான், பறை அதிரும், கடைசியில் பொம்மை செத்து விழும். பார்க்கிறவர்கள் உறைந்துதான் போவார்கள், ஆனால் அதற்கப்புறம் என்ன செய்வார்கள்? கூட்டத்தில் தொற்றோடு வாழ்கிற ஒருவர் இருந்தால் தன் முடிவு இதுதான் என்று நினைத்து ஒடுங்கிப்போவார், சந்தேகத்தில் இருக்கிறவரோ பரிசோதனைப் பக்கமே போகமாட்டார், ஏனென்றால் சாவு என்று முடிவான ஒன்றை யார் போய்த் தெரிந்துகொள்ள விரும்புவார்கள்?

அந்தக் காட்சி இன்றைக்கு உண்மையும் இல்லை. 1996 வாக்கில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்ததிலிருந்தே கதை மாறிவிட்டது. தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே ஏ.ஆர்.டி. மாத்திரை (வைரஸைப் பெருகவிடாமல் கட்டுப்படுத்தும் மருந்து) தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015லேயே சொல்லிவிட்டது. மாத்திரையை விடாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து துணைக்குத் தொற்று பரவாது. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 வரை, முறையான சிகிச்சை இருந்தால் 5க்கும் கீழே. இதெல்லாம் நாடகத்துக்கு எவ்வளவு நல்ல சரக்கு! மருமகள் மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைப்பதும், மாமியார் அதைக் கண்டுபிடிப்பதும், அப்புறம் அந்த வீட்டில் நடக்கும் பேச்சும் ஒரு முழுக் கூத்துக்குப் போதும். பழைய பிரதியைத் தூசி தட்டி மேடையேற்றுகிறவர்கள் அதற்கு முன்னால் ஏ.ஆர்.டி. மையத்து ஆலோசகர் ஒருவரிடம் தயவுசெய்து படித்துக் காட்டுங்கள்.

யாரைக் கெட்டவராகக் காட்டுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். மினுக்கும் சேலையில் ஒரு பெண் பொம்மை வந்து அப்பாவி ஆணைக் கெடுப்பது, திருநங்கை வந்தாலே கேலி, ஊரைவிட்டு ஊர் போகும் லாரி ஓட்டுநர்தான் நோயைக் கொண்டுவருகிறவர் என்றெல்லாம் போட்டால், 'இது நமக்கு வராது, அந்த மாதிரி ஆட்களுக்குத்தான் வரும்' என்று கூட்டம் நிம்மதியாக வீடு போய்ச் சேரும். அந்த நிம்மதிதான் ஆபத்து.

தென்னாப்பிரிக்காவில் பொம்மலாட்டக் கலைஞர் கேரி ஃப்ரீட்மன் 1987ல் தொடங்கிய குழு 'எய்ட்ஸுக்கு எதிராகப் பொம்மைகள்' என்ற நிகழ்ச்சியைத் தெருக்களுக்குக் கொண்டுபோனது. நிறவெறி ஆட்சி நடந்த காலம் அது. எந்த இனத்தவர் என்று யாரும் விரல் நீட்டிவிடக் கூடாது என்பதற்காகப் பொம்மைகளுக்குச் சாம்பல் நிறம் பூசினார்கள். நிறத்தைக்கூட இவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

பொம்மையின் பெரிய பலமே, மனிதர் வாயால் சொல்லக் கூசுவதை அது கூசாமல் சொல்லும் என்பதுதான். அப்படியிருக்க ஆணுறை என்ற சொல்லையே தவிர்த்துவிட்டு 'ஒழுக்கமாக இருங்கள்' என்று முடித்தால், பொம்மையைக் கையில் எடுத்ததற்கே அர்த்தமில்லை. கோமாளிப் பாத்திரத்திடம் கொடுங்கள்: காலாவதித் தேதியைப் பார்ப்பது, உறையைப் பல்லால் கிழிக்காமல் பிரிப்பது, நுனியில் காற்றில்லாமல் பிடித்து மாட்டுவது எல்லாவற்றையும் சிரிக்கச் சிரிக்கக் காட்டிவிடுவார். சின்னக் குழந்தைகள் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள், பொம்மை என்றால் அப்படித்தான், அதனால் பெரியவர்களுக்கான ஆட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் முன்பே தனியாகப் பிரித்துவிடுங்கள்.

பொம்மையின் வாயில் துண்டறிக்கையைத் திணிப்பது இன்னொரு தவறு. பரவும் வழிகளை வரிசையாக ஒப்பிக்கும் பொம்மையை யாரும் கேட்பதில்லை. ஒரு ஆட்டத்துக்கு இரண்டு, மூன்று செய்திகள் போதும்.

ஆட்டம் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. கொசு கடித்தால் வருமா, ஒரே தட்டில் சாப்பிட்டால் வருமா (இரண்டிலும் வராது) என்ற கேள்விகள் அப்போதுதான் வெளியே வரும். பொம்மையைக் கையிலேயே வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள், மனிதரிடம் கேட்கத் தயங்குகிறவர்கள் பொம்மையிடம் கேட்பார்கள். ஆபத்தான தொடர்பு நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கலாம் என்பதையும், தொற்று ஏற்பட்ட உடனே சோதித்தால் தெரியாமல் போகலாம் என்பதால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி சோதிக்க வேண்டும் என்பதையும் அங்கே சொல்லலாம்.

தொற்றோடு வாழ்கிறவர்களைக் கதை எழுதும்போதே கூட வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'இதோ, இவரே சாட்சி' என்று மேடையில் நிறுத்தாதீர்கள், அவராக விரும்பினால் ஒழிய. ஊரில் நடந்த சம்பவத்தைப் பெயரை மட்டும் மாற்றிப் போடுவதும் கூடாது, ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். பரிசோதனை முகாமையும் மேடைக்குப் பக்கத்திலேயே, எல்லோர் கண்ணும் படும் இடத்தில் வைக்காதீர்கள். யார் போகிறார், யார் அழுதுகொண்டு வருகிறார் என்று பார்க்க ஒரு கூட்டம் நிற்கும். போகவேண்டிய இடம், நேரம், அங்கே ரகசியம் காக்கப்படும் என்ற உறுதி, இந்த மூன்றையும் கடைசிப் பாட்டிலேயே வைத்துப் பாடிவிட்டால், அவரவர் தனியாக, தனக்குத் தோதான நாளில் போய்க்கொள்வார்கள்.