குழுவாகச் சைக்கிள் ஓட்டப் பழகுவது எப்படி? ஒரு நாள் பயிற்சி, படிப்படியாக

தனியாக ஐம்பது கிலோமீட்டர் அலுங்காமல் மிதிக்கிறவர்கூட, பத்து பேருக்கு நடுவில் போய்ச் சேர்ந்ததும் தோள் இறுகி, பிரேக்கைப் பிடித்தபடியே வருவதைப் பார்த்திருக்கிறேன். காலில் பலம் இருப்பது வேறு, கூட்டத்தோடு ஓட்டுவது வேறு. அதற்காகவே எங்கள் கிளப்பில் புதியவர்களுக்கு ஒரு நாள் முழுக்கப் பயிற்சி வைக்கிறோம். அந்த நாள் எப்படிப் போகுமோ அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில், எதற்கு இவ்வளவு ஒட்டி ஓட்ட வேண்டும்? எல்லாம் காற்றுக்காகத்தான். சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உங்கள் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே செலவாகிறது. வேகம் இரட்டிப்பானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதைத் தாண்ட வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். முன்னால் போகிறவரின் மறைவில் வந்தால், 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய கால்வாசி உழைப்பு மிச்சமாகும். தனியாகப் போனால் பாதியில் களைத்துவிடுகிறவர் குழுவோடு கடைசிவரை வந்து சேர்வது இதனால்தான்.

படி 1: கிளம்பும் முன்

டயரில் காற்று, இரண்டு பிரேக், செயின், சக்கரங்களின் பிடிமானம் ஆகியவற்றைப் பாருங்கள். ஹேண்டில் முனைகளில் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். திறந்த குழாய் விழுகிறவரின் உடம்பில் குத்திவிடும். உங்கள் டயர் அளவுக்கு ஒரு டியூப், டயர் கழற்றும் நெம்பி, பம்ப், தண்ணீர் கையில் இருக்கட்டும். முழங்கையை ஊன்றிப் படுத்து ஓட்டும் நீட்டுக் கைப்பிடிகள் இருந்தால் அன்றைக்குக் கழற்றி வையுங்கள். அதில் சாய்ந்திருக்கும்போது கை பிரேக்கில் இருக்காது.

படி 2: மைதானத்தில் இரண்டு மணி நேரம்

சாலைக்குப் போக அவசரப்படாதீர்கள். புல்தரை இருந்தால் மிகவும் நல்லது. நடக்கிற வேகத்தில் நேர்கோட்டில் ஓட்டுங்கள். பிறகு ஒரு கையை எடுத்துவிட்டு அதே கோடு. அப்புறம் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே அதே கோடு. பார்க்கிற பக்கம் சைக்கிளும் இழுத்துக்கொண்டு போகும், எல்லோருக்கும் போகும். திரும்பும் பக்கத்துக் கையை ஹேண்டிலிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துப் பாருங்கள், அந்த இழுப்பு குறையும்.

அடுத்தது, இருவர் இருவராகப் பக்கத்தில் ஓட்டி, மெதுவாகத் தோளோடு தோள் உரசிப் பழகுவது. முழங்கையைத் தளர்வாக மடக்கி வைத்திருந்தால் உரசல் முழங்கையோடு நின்றுவிடும். விறைப்பாக நீட்டியிருந்தால் நேராக ஹேண்டிலுக்குப் போகும். பத்து முறை உரசிய பிறகு பயம் போய்விடுகிறது. சாலையில் யாராவது தெரியாமல் இடித்தாலும் பதற மாட்டீர்கள்.

படி 3: முன்னவரின் சக்கரம்

இந்த நாளில் ஒன்றே ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்: உங்கள் முன் சக்கரம் முன்னால் போகிறவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்கவே கூடாது.

நான் அப்படி விழுந்திருக்கிறேன். முன்னவர் ஒரு பள்ளத்துக்காகக் கொஞ்சம் ஒதுங்கினார், அவ்வளவுதான். அவருடைய பின் சக்கரம் என் முன் சக்கரத்தைத் தட்டியது. அவர் அசையக்கூட இல்லை. நான் தரையில் கிடந்தேன், எனக்குப் பின்னால் வந்தவர் என்மேல் விழுந்தார். காரணம் எளிது. சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஹேண்டிலைச் சற்றுத் திருப்பித்தான் நாம் விழாமல் ஓட்டுகிறோம். முன் சக்கரம் இன்னொன்றோடு சிக்கிவிட்டால் திருப்ப முடியாது. அதனால் பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான் விழுகிறார்.

ஆரம்பத்தில் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விடுங்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய ஏழு மீட்டர் போய்விடுவோம். ஒட்டிப் போவது மாதக்கணக்கில் பழகியவர்களுக்கு உரியது. கண்ணை முன்னவரின் சக்கரத்தில் வைக்காமல், அவர் தோளுக்கு மேலாக இரண்டு மூன்று பேருக்கு அப்பால் பாருங்கள். சக்கரம் கண்ணின் ஓரத்தில் தானாகவே தெரியும்.

நெருங்கிவிட்டால் சட்டென்று பிரேக் போடாதீர்கள். மிதிப்பதைக் குறையுங்கள், அல்லது முதுகை நிமிர்த்துங்கள். நெஞ்சில் காற்று மோதி வேகம் குறையும். முதல் ஆள் பிரேக்கை லேசாகத் தொட்டால் அது பின்னால் போகப் போகப் பெரிதாகி, கடைசி ஆள் நின்றே போவார். ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போதும் இப்படித்தான்: எழும் நொடியில் மிதி தளர்ந்து சைக்கிள் பின்னவரை நோக்கி வந்துவிடும். எழும்போது ஒரு மிதியை அழுத்திக்கொண்டே எழுங்கள்.

படி 4: சைகையும் குரலும்

பள்ளம் என்றால் அது இருக்கும் பக்கம் கையைக் கீழே நீட்டிக் காட்டுவது. நின்றிருக்கும் வண்டி போன்ற தடை என்றால் முதுகுக்குப் பின்னால் கையை அசைத்து, ஒதுங்க வேண்டிய பக்கத்தைக் காட்டுவது. வேகம் குறைக்க, விரித்த உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைப்பது. நிற்பதற்குக் கையை உயர்த்துவது. கிளப்புக்குக் கிளப்பு கொஞ்சம் மாறும் என்பதால் கிளம்பும் முன் எல்லோரும் ஒருமுறை செய்துபாருங்கள். கையை எடுக்க முடியாத இடத்தில் "பள்ளம்!", "நிறுத்தம்!", "பின்னால வண்டி!" என்று உரக்கச் சொன்னால் போதும். கேட்டவர் அதைத் தன் பின்னால் இருப்பவருக்குக் கடத்த வேண்டும். அவருக்குச் சாலையை உங்கள் முதுகு மறைக்கும்.

படி 5: முன்னால் முறை மாறுவது

ஐந்து பேர் ஒற்றை வரிசையில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் திரும்பிப் பார்த்து, வழி காலியாக இருந்தால் முழங்கையை அசைத்துவிட்டுப் பக்கவாட்டில் விலக வேண்டும். விலகிய பிறகுதான் மிதியைத் தளர்த்த வேண்டும், அதற்கு முன் கூடாது.

புதியவர்கள் தவறுவது இரண்டாம் ஆளின் இடத்தில்தான். முன்னால் வந்த உற்சாகத்தில் அழுத்தி மிதித்துவிடுவார்கள்; வரிசை அறுந்துபோகும். நீங்கள் எந்த வேகத்தில் வந்துகொண்டிருந்தீர்களோ அதே வேகத்தில் போங்கள். காற்று இப்போது உங்கள்மேல் மோதுவதால் அதற்கே கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கும். அரை நிமிடம் முன்னால் இருந்துவிட்டு விலகினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பின்னால் நழுவி வருகிறவருக்குக் கடைசி ஆள் "கடைசி!" என்று குரல் கொடுப்பார். அது கேட்டதுமே மிதிக்கத் தொடங்குங்கள். அவர் கடந்த பிறகு தொடங்கினால் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

படி 6: சாலையில்

வண்டிகள் குறைவான சாலை, இருபது முப்பது கிலோமீட்டர் போதும். இருவர் இருவராகப் போகலாமா, ஒற்றை வரிசைதானா என்பதை உங்கள் ஊர்ச் சாலை விதி சொல்லும், அதன்படி போங்கள். இரட்டை வரிசையில் பக்கத்தில் இருப்பவரைவிட அரைச் சக்கரம் முந்திக்கொண்டே இருக்காதீர்கள். அவரும் ஈடுகொடுக்க வேகம் கூட்டுவார், பின்னால் இருக்கும் எல்லோருக்கும் மூச்சு வாங்கும். தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் கடைசி இடத்துக்கு வந்தபிறகு குடியுங்கள். ஏற்றத்தில் அவரவர் வேகத்தில் ஏறி, உச்சியில் சாலையை விட்டு ஒதுங்கி நின்று எல்லோரும் வந்ததும் கிளம்புங்கள்.

கடைசி இரண்டு கிலோமீட்டரில் யாருக்காவது பந்தயம் ஓட்டத் தோன்றும். அப்போது உடம்பு களைத்திருக்கும், கவனமும் தளர்ந்திருக்கும். இடைவெளியை இன்னும் அரைச் சைக்கிள் கூட்டுங்கள். வண்டியை விட்டு இறங்கும்வரை சைகைகளை நிறுத்தாதீர்கள்.