மீன் தொட்டிக்கு சம்ப் ஃபில்டர்: கரண்ட் போனாலும் தரை நனையாமல்

சம்ப் என்றால் கோவைப் பக்கம் வாசலுக்கடியில் சிறுவாணித் தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டிதான் நினைவுக்கு வரும். மீன் வளர்ப்பில் அது ஸ்டாண்டுக்குள் இருக்கும் இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேலிருந்து வழியும் தண்ணீர் அதில் சுத்தமாகி, சின்ன மோட்டார் வழியாக மறுபடி மேலே போகும்.

என் தொட்டி 4 அடி நீளம், அகலமும் உயரமும் 1.5 அடி, சுமார் 250 லிட்டர். சம்ப் 2.5 அடிக்கு 1 அடி, உயரம் 15 அங்குலம். அதை மூன்று அறையாகத் தடுங்கள்: முதலில் பஞ்சு, நடுவில் பீங்கான் வளையம், கடைசியில் மோட்டார். தடுப்பு 9 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். பூஞ்சை மருந்து கலக்காத சிலிக்கானால் ஒட்டி, ஒரு வாரம் காயவிடுங்கள்.

மேல் தொட்டியில், தண்ணீர் வழிந்து சம்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோ குழாய்க்கு டைமண்ட் பிட்டால், தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாகத் துளை போட வேண்டும். டஃபன்ட் (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடி என்றால் தொடவே கூடாது, நொறுங்கிவிடும்.

இனி சொல்வதை நிதானமாகப் படியுங்கள். பராமரிப்பு என்று ஒரு நாள் காலையில் கரண்ட்டை நிறுத்தினார்கள். மோட்டார் நின்றதும், மேலே ஏற்றும் குழாய் வழியாகவே தண்ணீர் கீழே இறங்கியது. குழாயின் வாய் 4 அங்குலம் மூழ்கியிருந்ததால் 50 லிட்டருக்கு மேல் வந்து, சம்ப் நிரம்பி ஹாலுக்குள் ஓடியது. அப்பிச்சி (அம்மாவின் அப்பா) விதைக்கென்று கொடுத்துவிட்ட கடலைக்காய் மூட்டை அடியோடு நனைந்துபோனது. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

கணக்கு இதுதான்: என் தொட்டியில் 1 அங்குலத் தண்ணீர் 14 லிட்டர். சம்பில் 1 அங்குலத்துக்கு 6 லிட்டர்கூடப் பிடிக்காது. மேலே 2 அங்குலம் இறங்கினாலே கீழே 5 அங்குலம் ஏறிவிடும். அதனால் குழாயின் வாய் 1 அங்குலத்துக்கு மேல் மூழ்க வேண்டாம். நீர்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே, குழாயில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் மாதம் ஒருமுறை அதை ஊசியால் குத்திவிடுங்கள், உப்பு அடைத்துக்கொள்ளும். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் செக் வால்வை நான் நம்புவதில்லை. ஒரு துணுக்குப் பாசி சிக்கினாலே மூடாது.

மீன் விடும் முன் சுவிட்சை மூன்று தடவை அணைத்துப் பாருங்கள். சம்ப் வழியாத மட்டம் எதுவோ, மோட்டார் ஓடும்போது அங்கே மார்க்கரால் கோடு போடுங்கள். அதற்கு மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மோட்டார் பெட்டியில் போட்டிருக்கும் அளவு, தண்ணீரை உயரே ஏற்றாமல் பார்த்தது. நான்கடி ஏறினால் நிறையக் குறையும். மணிக்கு 1000 லிட்டராவது மேலே வந்து விழ வேண்டும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

வாராவாரம் பஞ்சை மட்டும் அலசினால் போதும். வளையத்தை அலச நேர்ந்தால் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்; குழாய்த் தண்ணீரின் குளோரின் அதில் வாழ்ந்து தண்ணீரைச் சுத்தமாக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

பிறகு சேர்த்தது: இதைப் பார்த்துச் செய்த பெருந்துறை நண்பருக்கு ராத்திரியெல்லாம் குழாய் களகளவென்று சத்தம் போட்டதாம். ஓவர்ஃப்ளோ குழாயின் தலையில் எல்போவை (வளைந்த இணைப்பு) கவிழ்த்து மாட்டி, அதன் உச்சியில் சின்னத் துளை போடச் சொன்னேன். சத்தம் அடங்கிவிட்டது என்றார்.