பிடிஎன்எஃப் கொடுத்து நியூரான் கிளைப்பையும் சினாப்ஸையும் அளப்பது எப்படி

பிடிஎன்எஃப் (BDNF) என்ற வளர்ச்சிப் புரதம் நியூரானின், அதாவது நரம்புச் செல்லின், டிராக்-பி (TrkB) ஏற்பியோடு இணைந்ததும் உள்ளே எர்க், பிஐ3கே-ஏகேடி, பிஎல்சி-காமா என்ற சமிக்ஞைப் பாதைகள் இயங்கத் தொடங்குகின்றன. டென்ட்ரைட் (செய்தி வாங்கும் கிளை) கிளைவிடுவதையும் சினாப்ஸ் (இரு நியூரான்கள் இணையும் இடம்) உருவாவதையும் இதே சமிக்ஞை தூண்டும். ஆகவே ஒன்றின் விளைவு மற்றதில் கலக்காதபடி இரண்டையும் வளர்ப்பின் தனித்தனி வயதில், தனித்தனித் தட்டுகளில் சோதியுங்கள்.

முதலில் செல்கள் ஒட்டி வளரும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப். பெரும்பாலான வளர்ப்புகள் கெடுவது இங்கேதான். பிஎச் 8.5 உள்ள போரேட் கரைசலில் மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாலி-டி-லைசின் கலந்து ஓரிரவு ஊறவிட்டு, கிருமியற்ற நீரில் மூன்று முறை கழுவுங்கள். கழுவாமல் மிஞ்சும் பாலி-டி-லைசின் செல்லைக் கொல்லும். பூச்சு திட்டுத்திட்டாக இருந்தால் செல்கள் குவியலாகி, டென்ட்ரைட்டுகள் கற்றையாகச் சேர்ந்துவிடும். எந்தக் கிளை எந்தச் செல்லுடையது என்றே தெரியாது.

18 நாள் எலிக் கருவின் ஹிப்போகேம்பஸ் (மூளையின் ஒரு பகுதி) செல்களை, கிளைப்பு அளக்கச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 20,000, சினாப்ஸுக்கு 50,000 என்று இடுங்கள். ஊடகம் நியூரோபேசலும், அதில் சேர்க்கும் பி-27 என்ற ஊட்டக் கலவையும். சீரம் வேண்டாம், அதிலேயே வளர்ச்சிக் காரணிகள் உண்டு. செல்கள் பிழைக்க ஆஸ்ட்ரோசைட் (நியூரானுக்குத் துணைநிற்கும் மூளைச் செல்) வளர்த்து எடுத்த ஊடகம் சேர்த்தால், கட்டுப்பாட்டுத் தட்டுக்கும் அதையே ஊற்றுங்கள். ஆஸ்ட்ரோசைட் சுரக்கும் த்ராம்போஸ்பாண்டின் என்ற புரதம் தானே சினாப்ஸைத் தூண்டும் என்று நரம்பியல் ஆய்வாளர் பென் பாரெஸின் ஆய்வகம் 2005இல் காட்டியது.

பிடிஎன்எஃப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். 0.1% பிஎஸ்ஏ (மாட்டுச் சீரம் அல்புமின்) கரைசலில் கரைத்து, சிறு பங்குகளாக -80 டிகிரியில் வையுங்கள். உருக்கியதை மறுபடி உறையவைக்காதீர்கள். இறுதிச் செறிவு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். ஒரு தட்டுக்கு வெறும் பிஎஸ்ஏ, இன்னொன்றுக்குப் பிடிஎன்எஃபுடன் அதைப் பிடித்துவைக்கும் டிராக்-பி-எஃப்சி. இந்த மூன்றாவது தட்டு இல்லாமல் விளைவு பிடிஎன்எஃபால்தான் என்று உறுதிசொல்ல முடியாது.

கிளைப்புக்கு: வளர்ப்பின் 5ஆம் நாள் ஒருசில செல்களில் மட்டும் பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தை ஏற்றி, பிடிஎன்எஃப் கொடுத்து, 48 மணி நேரம் கழித்து 4% பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் நிலைப்படுத்துங்கள். மேப்-2 என்ற புரதத்துக்கான சாயம் டென்ட்ரைட்டை, செய்தி அனுப்பும் ஆக்ஸானிலிருந்து பிரித்துக்காட்டும். பிறகு ஷோல் 1953இல் தந்த முறைப்படி, செல் உடலை மையமாக வைத்து 10 மைக்ரான் இடைவெளியில் வட்டங்கள் போட்டு வெட்டுப்புள்ளிகளை எண்ணுங்கள். மொத்த நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். செல் உடலருகே மட்டும் கிளை கூடுவது மொத்த நீளத்தில் தெரியாமல் போகலாம்.

சினாப்ஸுக்கு: 14ஆம் நாளுக்குப் பின் பிடிஎன்எஃப் கொடுத்து, சினாப்சின் (செய்தி அனுப்பும் பக்கத்துப் புரதம்), பிஎஸ்டி-95 (வாங்கும் பக்கத்துப் புரதம்) இரண்டுக்கும் சாயமிடுங்கள். இரு புள்ளிகளும் ஒட்டி நிற்கும் இடங்களை மட்டுமே கணக்கில் எடுங்கள். இவை கிளர்த்தும் சினாப்ஸுகளே; தடுக்கும் வகைக்கு விஜிஏடி, ஜெஃபிரின் என்ற புரதங்களுக்குச் சாயமிட வேண்டும். எண்ணிக்கையை 10 மைக்ரான் டென்ட்ரைட் நீளத்துக்கு இவ்வளவு என்றே எழுதுங்கள். செல்லுக்கு இவ்வளவு என்றால், கிளை கூடியதால் வந்த உயர்வும் அதில் கலந்துவிடும்.

எவ்வளவு ஒளிர்ந்தால் புள்ளி என்று கொள்வது என்ற ஒளிவரம்பைக் கட்டுப்பாட்டுத் தட்டில் ஒருமுறை நிர்ணயித்து, எல்லாப் படங்களுக்கும் அதையே வையுங்கள். எண்ணுபவருக்கு எந்தத் தட்டு எது என்று தெரியக்கூடாது. புள்ளியியலில் மாதிரி என்பது தனித்தனியாகத் தயாரித்த வளர்ப்பு. ஒரே தட்டின் 40 செல்களை 40 மாதிரியாகக் கொள்ளக்கூடாது. குறைந்தது மூன்று வளர்ப்புகளில் செய்யுங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) பி-27.