+1 வாளை விடுங்கள்: விளையாட்டு மேசைக்கு மாயப் பொருள் செய்வது எப்படி

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டும் கதை விளையாட்டை நடத்தும் டிஎம்களில் (கதை சொல்லி ஆட்டத்தை நடத்துபவர்களில்), முதல் புதையலிலேயே +1 வாள், அதாவது பகடையில் விழும் எண்ணோடு ஒன்று கூட்டித் தரும் வாள், கொடுத்தவர்கள்தான் அதிகம். நானும் கொடுத்திருக்கிறேன். பிளேயர் தன் கேரக்டர் ஷீட்டில் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புது எண்ணை எழுதிக்கொள்வார், அவ்வளவுதான், அதன்பிறகு அந்த வாளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். கணக்குப் போட்டால் காரணம் தெரியும். டி20 என்ற இருபது முகப் பகடையில் +1 என்பது 5 சதவீதம். சராசரியாக இருபது தடவை வீசினால் ஒரு தடவைதான் அது தவறியிருக்க வேண்டிய அடியைப் பட்ட அடியாக மாற்றும். மூன்று நான்கு ரவுண்டில் முடிந்துவிடும் சண்டையில் அது நடந்ததே யாருக்கும் தெரியாது.

அதே விளையாட்டில், பொருள் எவ்வளவு அபூர்வம் என்று சொல்லும் அதே 'அன்காமன்' வரிசையில், இம்மூவபிள் ராட் என்று ஒரு தட்டையான இரும்புக் கம்பி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அந்தரத்தில் எங்கே பிடித்திருந்தீர்களோ அங்கேயே நின்றுவிடும். 8,000 பவுண்டு, அதாவது சுமார் 3,600 கிலோ வரை தாங்கும். டேமேஜ், அதாவது எதிரிக்குப் படும் சேதம், எதுவும் கிடையாது, ஸ்பெல்லும் (மந்திரமும்) கிடையாது. ஆனால் இதை ஒரு பார்ட்டியிடம், அதாவது சேர்ந்து ஆடும் குழுவிடம், கொடுத்துப் பாருங்கள். ஒருவர் கதவுக்குக் குறுக்கே தாழ்ப்பாளாக நிறுத்துவார், இன்னொருவர் பள்ளத்தில் விழும்போது பிடித்துத் தொங்குவார், மூன்றாவது ஆள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "டிராகன் வாயைத் திறக்கும்போது உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் நாம் மாயப் பொருளே செய்கிறோம்.

அதனால் எண்ணிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு வினைச்சொல்லிலிருந்து தொடங்குங்கள். நிறுத்தும், ஒட்டும், கடன் வாங்கும், தள்ளிப்போடும், ஞாபகம் வைத்துக்கொள்ளும், இப்படி ஏதாவது ஒன்று. ஒரு பொருளுக்கு ஒரு வினை போதும், இரண்டாவது வினை தோன்றினால் அதை இன்னொரு பொருளுக்கு எடுத்து வையுங்கள். அப்புறம் அந்த வினைக்கு ஒரு நிபந்தனை போடுங்கள். என்னைக் கேட்டால் நிபந்தனைதான் முக்கியம், அதில்தான் கதை இருக்கிறது.

இது நமக்குப் புதிதும் இல்லை. இந்திரன் கர்ணனுக்குக் கொடுத்த சக்தி ஆயுதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எப்பேர்ப்பட்டவனையும் கொல்லும், ஆனால் ஒரே ஒரு தடவை. அர்ஜுனனுக்கென்று பத்திரமாக வைத்திருந்தவன், இரவுப் போரில் கடோத்கசன் சேனையைத் துவம்சம் செய்யும்போது வேறு வழியில்லாமல் அவன்மேல் ஏவிவிடுகிறான். 'ஒரே தடவை' என்ற நிபந்தனையை எடுத்துவிட்டால் அங்கே கதையே இல்லை. அனுமனைக் கட்டிய பிரம்மாஸ்திரம் இன்னும் அழகு. அந்தக் கட்டு இருக்கும்போது வேறு கட்டு கூடாது, அது தெரியாமல் அரக்கர்கள் கயிற்றை எடுத்து வந்து மேலே கட்டுகிறார்கள், அஸ்திரம் விலகிவிடுகிறது. அசுவத்தாமனுக்கோ ஏவத் தெரியும், திரும்ப அழைக்கத் தெரியாது. எவ்வளவு டேமேஜ் என்று யாரும் கேட்டதில்லை, நிபந்தனை மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

நிபந்தனை எங்கிருந்து வரும் என்றால், அந்தப் பொருளை யார் எதற்காகச் செய்தார்கள் என்பதிலிருந்து. சாகசக்காரர்களுக்காகச் செய்த பொருளாக யோசிக்காதீர்கள், யாரோ ஒருவர் தன் அன்றாட வேலைக்காகச் செய்துகொண்ட பொருளாக யோசியுங்கள். நான் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பித்தளைக் கதவுக் கைப்பிடி. உள்ளங்கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் தேய்ந்து போனது, முகர்ந்தால் சுக்கு வாசனை. நடு இரவில் பிரசவத்துக்கு ஓடும் ஒரு மருத்துவச்சியுடையது. எந்தச் சுவரில் வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும், தட்டினால், உள்ளே இருக்கும் யாராவது "வா" என்று சொன்னால், அங்கே ஒரு கதவு திறக்கும். அவளை எப்போதும் உள்ளே இருப்பவர்கள்தானே கூப்பிடுவார்கள், அதனால் அந்த நிபந்தனை.

விதியாக எழுதும்போது சுவரின் கனம் ஐந்து அடிக்குள் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று தடவை என்று மட்டும் சேர்த்தேன். முதல் தடவை கோட்டைச் சுவரில் வைத்துத் தட்டினார்கள், தூக்கக் கலக்கத்தில் இருந்த காவலாளி "யாருப்பா, உள்ளே வா" என்றான், காரியம் முடிந்தது. ஆனால் கருவூல அறைக்குள் ஆள் கிடையாது. இரண்டு செஷன் முழுக்க அந்தப் பார்ட்டி ஒரு கிளிக்கு "வா" சொல்லப் பழக்கிக்கொண்டிருந்தது. அதைப் பரிசுப் பொருள்களோடு சேர்த்துக் கூண்டில் வைத்து அரசனுக்கு அனுப்பிவிட்டு, அன்று இரவு சுவருக்கு வெளியே நின்று தட்டினார்கள். கிளி சொன்னால் செல்லுமா? செல்லும் என்றேன். இவ்வளவு பாடுபட்டவர்களுக்குச் செல்லாது என்று சொல்ல மனசு வராது, வரவும் கூடாது.

சரி, ஆயுதத்துக்கு வருவோம், ஒன்றை முதலிலிருந்து செய்து பார்க்கலாம். வினை: தள்ளிப்போடும். யாருக்காக: கோபத்தில் வெட்டிவிட்டுச் சாயங்காலம் உட்கார்ந்து வருந்துகிற ஒரு அரசனுக்காக அவனுடைய கொல்லன் செய்தது. பெயர் அந்தி வாள். இந்த வாள் பட்டால் உடனே காயம் ஆகாது, பட்ட டேமேஜை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வர வேண்டும், சூரியன் மறையும் நொடியில் மொத்தமும் இரண்டு மடங்காக இறங்கும், அதற்கு முன்னால் வாளை உறையில் போட்டுவிட்டால் எல்லாம் ரத்து.

இப்போது எண்களைப் பாருங்கள், எண்ணுக்கு இடம் இங்கேதான். லாங்ஸ்வார்டுக்கு 1டி8 (ஒரு எட்டு முகப் பகடை), வீரனின் பலமான ஸ்ட்ரெங்துக்கு +3 என்று வைத்தால் ஒரு அடிக்குச் சராசரி 7.5. ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகத்தில் ஓகர் என்ற ராட்சதனுக்கு 59 ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி. சாதாரண வாளால் எட்டு அடி வேண்டும். அந்தி வாளால் நான்கு அடி போதும், இரண்டு மடங்காகும்போது 60 வந்துவிடும். ஆனால் அந்த நான்கு அடியும் பட்ட பிறகு ஓகர் ஒரு கீறல்கூட இல்லாமல் எதிரே நிற்கும், அடிக்கு 13 வீதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே காலையில் வெட்டிவிட்டு மாலை வரை ஓட வேண்டும், அல்லது ஒளிய வேண்டும், அல்லது பேச்சுக் கொடுக்க வேண்டும். இன்னொன்றும் தானாக வந்து சேர்ந்தது: உறையில் போட முடியாது என்பதால் நாள் முழுக்க உருவிய வாளோடுதான் நடமாட வேண்டும். அதோடு ஒரு ஊரின் வாசலில் போய் நின்றால் காவலர்கள் என்ன சொல்வார்கள்? நான் இதைத் திட்டமிடவே இல்லை. நிபந்தனை சரியாக அமைந்தால் இப்படிப் பக்கத்தில் இரண்டு மூன்று தானாக முளைக்கும்.

அடுத்தது ஓட்டை தேடுவது. பிளேயர்கள் கையில் கொடுப்பதற்கு முன்னால் நீங்களே கொஞ்சம் பேராசை பிடித்த பிளேயராக மாறி யோசிக்க வேண்டும். அந்தி வாளில் ஓட்டை பட்டவர்த்தனமாகத் தெரிகிறது: எல்லாச் சண்டையையும் சூரியன் மறைய ஐந்து நிமிடம் இருக்கும்போது வைத்துக்கொண்டால் அது வெறும் இரட்டை டேமேஜ் வாள். அதனால் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் படும் அடிகள் மறுநாள் கணக்கில் சேரும் என்று ஒரு வரி சேர்த்தேன். இரவில் வெட்டினாலும் மறுநாள்தான். குகைக்குள் இருந்தாலும் வெளியே சூரியன் மறைவது மறைவதுதான்.

இந்த ஓட்டைகளில் மிகப் பழையது எலி மூட்டை. 'ஒரு உயிரைக் கொன்றால் உனக்கு 10 ஹிட் பாயின்ட் திரும்பும்' என்று எழுதிவிடுவோம், பிளேயர் சந்தையில் ஒரு மூட்டை எலி வாங்கி முதுகில் போட்டுக்கொண்டு வருவார். தப்பு அவர்மேல் இல்லை, விதியில் இருக்கிறது. 'உனக்குத் தீங்கு செய்யத் துணிந்த எதிரி' என்று திருத்தினால் போதும். இதை விற்றால் என்ன ஆகும், நாளைக்குப் பத்து தடவை பயன்படுத்தினால் என்ன ஆகும், சண்டையே இல்லாத ஒரு நாளில் இதற்கு வேலை இருக்கிறதா, எதிரி கையில் கிடைத்தால் நியாயமாக இருக்குமா என்றும் பார்த்துவிடுங்கள். கடைசிக் கேள்விக்கு 'இருக்காது' என்று பதில் வந்தால் அந்தப் பொருளில் ஏதோ தவறு இருக்கிறது.

எத்தனை தடவை பயன்படுத்தலாம் என்பதற்கு விளையாட்டிலேயே நல்ல வழி இருக்கிறது. பல மந்திரக்கோல்களுக்கு 7 சார்ஜ், தினமும் விடியும்போது 1டி6+1 திரும்ப ஏறும், கடைசிச் சார்ஜையும் செலவழித்தால் டி20 வீச வேண்டும், 1 விழுந்தால் கோல் சாம்பல். அந்தக் கடைசிச் சார்ஜ்தான் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வைக்கும் இடம். விடியலுக்குப் பதிலாக வேறு எதையாவது வையுங்கள், இதுவரை யாரிடமும் சொல்லாத ஓர் உண்மையைச் சொன்னால் ஒரு சார்ஜ் ஏறும் என்று வைத்தால் முகாமில் தீயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் காட்சிகள் தானாக வரும். அட்யூன்மென்ட் (பொருளைத் தன்னோடு பிணைத்துக்கொண்டால்தான் அதன் மாயம் வேலை செய்யும் என்ற விதி) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஒருவருக்கு மூன்று பொருள்தான் என்பதால் வலுவானவற்றுக்குக் கட்டாயம் போடுங்கள், வேடிக்கையான சின்னப் பொருள்களுக்குப் போடாதீர்கள், போட்டால் யாரும் அவற்றை வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

சாபம் வைக்க ஆசை இருந்தால், தெரிந்தே சுமக்கிற சாபமாக வையுங்கள். தடம் பதியாத செருப்பு ஒன்று கொடுத்திருந்தேன், அதைப் போட்டவரைப் பார்த்தால் தெருவில் இருக்கிற நாயெல்லாம் குரைக்கும். கழற்றினால் போயிற்று. ஆனால் அதைப் போட்டுக்கொண்ட திருடி கேரக்டர் கடைசி வரை கழற்றவே இல்லை, பை நிறைய எலும்புத் துண்டோடு அலைந்தாள். கழற்றவே முடியாத சாபம் என்றால் விமோசனம் என்ன என்பதையும் அன்றே முடிவுசெய்து எழுதி வைத்துவிடுங்கள். விமோசனம் இல்லாத சாபம் பிளேயருக்குக் கொடுக்கும் தண்டனை.

பலத்தைத் தவறாகக் கணித்து ஏதாவது கொடுத்துவிட்டால் என்ன செய்வது? எனக்கு நடந்திருக்கிறது. மூன்றாம் லெவல் பார்ட்டிக்கு, கணக்கே இல்லாமல் மறையக்கூடிய ஒரு மோதிரம். இரண்டே செஷனில் மற்ற நான்கு பேரும் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கதைக்குள்ளேயே ஒரு திருடனை அனுப்பி அதைப் பிடுங்கினேன். அதைத்தான் செய்யக் கூடாது, அந்தப் பிளேயர் அப்புறம் எந்தப் பொருளையும் நம்பி ஆசைப்படவில்லை. விளையாட்டை நிறுத்தி, "இது நான் நினைத்ததைவிடப் பெரிசாகிவிட்டது, மூச்சை அடக்கியிருக்கும் வரைதான் மறையும் என்று மாற்றிக்கொள்ளலாமா?" என்று நேராகக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் ஒத்துக்கொள்வார்கள், பாதி நேரம் உங்கள் நிபந்தனையைவிட நல்ல நிபந்தனையை அவர்களே சொல்வார்கள்.

எழுதி முடித்ததை ஒரு சின்ன அட்டையில் அடக்குங்கள். எடை, மணம், தொட்டால் எப்படி இருக்கும் என்பது ஒரு வரி, வினை ஒரு வரி, நிபந்தனை ஒரு வரி, ஓட்டையை அடைத்த திருத்தம் இருந்தால் அது ஒரு வரி. சத்தமாகப் படித்துப் பாருங்கள், மூச்சு வாங்கினால் எதையோ வெட்ட வேண்டும். வினையையும் நிபந்தனையையும் பிளேயரிடம் மறைக்காதீர்கள், தெரியாத பொருளை வைத்து யாராலும் திட்டம் போட முடியாது. மறைப்பதென்றால் அது யாருடையது, ஏன் கைவிட்டுப் போனது என்பதை மட்டும் மறையுங்கள், அதைத் தேடிப் போவதற்கு நாலு செஷன் ஆகும்.

புதையல் பெட்டியில் வைத்துக் கொடுப்பதைவிட, முதலில் எதிரி கையில் கொடுங்கள். பகல் சண்டையில் வாள் பட்டும் காயமே இல்லை என்று சிரித்துக்கொண்டே ஊருக்குத் திரும்பியவர்கள், மேற்கே வானம் சிவக்கும்போது நீங்கள் அந்தத் தாளை எடுத்து எண்களைக் கூட்ட ஆரம்பிப்பதைப் பார்க்கட்டும். அந்த வாளை எப்படியாவது கைப்பற்ற வேண்டும் என்று அவர்களே கிளம்புவார்கள்.